எட்டு கிலோ பிழை

அம்மா இருபத்தாறு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் மருத்துவ அறையில் நர்ஸாக இருந்தாள். அவள் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

அறை என்று சொல்வது மரியாதைக்காக. மாடிப்படிக்குக் கீழே, சாய்வான கூரையோடு ஓர் இடம். நிமிர்ந்து நிற்க முடிந்த பகுதியில் மேசை. பாதி குனிய வேண்டிய பகுதியில் மருந்து அலமாரி. முழுதாகக் குனிய வேண்டிய பகுதியில் கட்டில். "படுக்கத்தானே போறாங்க, அதுக்கு எதுக்கு உயரம்?" என்பாள். மணி அடித்ததும் அவள் தலைக்கு மேல் நானூறு பிள்ளைகள் தடதடவென்று இறங்குவார்கள். அந்த இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிறுத்துவாள். எங்கேயோ ஒரு மணி அடித்திருக்கும்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வெந்நீர் மிஸ். தலைவலிக்கு வெந்நீர், வயிற்றுவலிக்கு வெந்நீர், கால் சுளுக்கினாலும் முதலில் வெந்நீர். இது என்ன வைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன்.

"வைத்தியம்னு யாருடி சொன்னா? சுடச்சுடக் குடுத்தா ஊதி ஊதிக் குடிக்க இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள புள்ள வாயத் திறந்துடும்."

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் நர்ஸ் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்தாள். அம்மா டம்ளரைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். "இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்மா. ஒழுங்கா மாத்திரையக் குடு" என்றாள்.

அவளிடம் ஒரு பதிவேடு உண்டு. தேதி, வகுப்பு, புகார், கொடுத்தது. புகாரைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதுவாள். ஆறு ஏ: "வயித்துக்குள்ள யாரோ நடக்கறாங்க." வெந்நீர். எட்டு சி: "மூணாவது பீரியட்ல தலைவலி வரும்." வெந்நீர், முன்கூட்டியே. ஏழு பி: "எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ், இவனுக்குத் துணைக்கு வந்தேன்." வெந்நீர், இரண்டு டம்ளர்.

நான் அளவுக்கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு தராசு எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை. அம்மா இதை உறவினர்களிடம் விளக்கிய விதம்: "ஏதோ இரும்பத் தூக்கி வைக்கிற வேலை. படிச்ச படிப்புக்கு இது."

பதிமூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஏண்டி, எங்க ஸ்கூல் தராசு மாதிரி கடிகார முகம் வெச்ச தராசுல முள்ளு தப்பா நின்னா எப்படிச் சரி பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்தில் என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மேசையில் கிடந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படமே வரைந்துவிட்டேன். இது முகம், இது முள். முகத்துக்குப் பின்னால் ஒரு திருகு. வலப்பக்கம் திருப்பினால் முள் கீழே இறங்கும், எடை குறைவாகக் காட்டும். இடப்பக்கம் திருப்பினால் கூடுதலாகக் காட்டும். முழுச் சுற்றுக்கு நாலு கிலோ.

"வலப்பக்கம் குறையும்" என்று திருப்பிச் சொன்னாள். "ரெண்டு சுத்துக்கு எட்டு."

"ஆமாம்மா. கணக்கு கரெக்ட்."

"சரி, போய்த் தூங்கு."

நான் வாயெல்லாம் பல்லாகப் போய்ப் படுத்தேன். எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எதற்கென்றால், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பெண் இருந்தாள்.

கொஞ்சம் பருமனான பெண். வகுப்பில் அவளுக்குப் பெயர் லாரி. வைத்தவன் வகுப்புத் தலைவன். அவனுக்கு ஆசிரியர்களே வைத்த பெயர் ஸ்பீக்கர், குரல் அப்படி. அந்தப் பெண் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே வரும்போதெல்லாம், லாரி பின்னால் வரும்போது கேட்கும் சத்தத்தைக் கடைசி வரிசை முழுவதும் சேர்ந்து எழுப்பும். பீம், பீம், பீம். அவள் எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கப் போவதில்லை, கழிப்பறைக்குப் போவதில்லை, கேள்வி கேட்டால் உட்கார்ந்தபடியே பதில் சொல்லித் திட்டு வாங்கினாள்.

பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். தராசை வராந்தாவில் வைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வகுப்புத் தலைவன் எண்ணை உரக்கப் படிக்க, டீச்சர் எழுதிக்கொள்வார். உரக்கப் படிக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் சுற்றறிக்கை. ஒருமுறை ஒரு டீச்சர் ஒரு வகுப்பு முழுவதற்கும் உயரத்தை எடைப் பத்தியில் எழுதிவிட்டார். நூற்று ஐம்பது கிலோவில் முப்பத்தெட்டு பிள்ளைகள். மேலிடத்திலிருந்து விசாரிக்க ஆட்களே வந்துவிட்டார்கள். அதிலிருந்து நாலு பேர் காதில் விழுந்தால்தான் எண் செல்லும்.

முந்தைய எடை நாளில் ஸ்பீக்கர் அந்தப் பெண்ணின் எண்ணைப் படித்தது மாடி வரைக்கும் கேட்டது. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. மறுநாளிலிருந்து அவள் மதியச் சாப்பாட்டைப் பக்கத்து பெஞ்சுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு இது தெரியவந்தது ஊக்குகளால். அந்தப் பெண் ஒரு நாள் வந்து, பாவாடை இடுப்பு தளர்கிறது, ஒரு ஊக்கு வேண்டும் என்றாள். அடுத்த மாதம் இரண்டு. அதற்கடுத்து நான்கு. பிறகு தினமும் பதினொன்று நாற்பதுக்கு வந்தாள். பதிவேட்டில் இருக்கிறது. "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது." வெந்நீர், சர்க்கரை போட்டு. "எழுதறப்ப கை நடுங்குது." வெந்நீர், சர்க்கரை போட்டு. "குளிருது." அது கோடைக்காலம்.

அம்மா பெண்ணின் தாயைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இளைச்சுட்டா இல்ல? நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன் மிஸ், இப்பதான் அவளுக்கே அக்கறை வந்திருக்கு!"

தலைமையாசிரியரிடம் போனாள்.

"கேலி கிண்டல் எல்லா ஸ்கூல்லயும் இருக்கறதுதாம்மா" என்றார் அவர். "நான் படிக்கறப்ப என்னை என்னென்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க தெரியுமா?"

"என்ன பேர் சார்?"

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். மூடினார். ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். நாற்பது வருடம் ஆகியும் அவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று அம்மா பின்னால் என்னிடம் சொன்னாள்.

"இந்தத் தடவை சத்தமாப் படிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க சார். எடை பாக்கற நாள் நெருங்க நெருங்க அந்தப் பொண்ணு பச்சத்தண்ணிதான் குடிக்குது."

"சர்க்குலர் போட்டாச்சே" என்றார் அவர், வேறு யாரோ போட்டது போல.

எடை நாளுக்கு முந்தின சாயங்காலம் இது. அன்று இரவுதான் என்னிடம் படம் வாங்கிக்கொண்டாள். அவள் திட்டம் எளிது. தராசு எல்லோருக்கும் எட்டு கிலோ குறைத்துக் காட்டும். அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது. அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள். அறிக்கை அனுப்பும்போது அம்மா ஒவ்வொரு எண்ணோடும் எட்டைக் கூட்டி எழுதிவிடுவாள். தெரிந்த பிழை, தெரிந்த திருத்தம். எங்கள் ஆய்வகத்திலும் அப்படித்தான் செய்வோம். முறையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

குறை படத்தில் இருந்தது.

அந்தத் திருகை நாங்கள் தராசுக்கு முன்னால் நின்று திருப்புவோம். முள்ளைப் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும் அல்லவா? அதனால் தராசைக் கட்டிப்பிடிப்பது போல இரண்டு கையையும் பின்னால் விட்டுத் திருகைப் பிடிப்போம். முதல் வாரமே பழகிவிடும். எனக்கு அது இவ்வளவு இயல்பாகிவிட்டதால் சொல்லத் தோன்றவில்லை. பின்னால் நின்று திருப்பினால் அதே வலம் இடமாகிவிடும். அம்மா காலை ஏழரைக்குப் போய், திருகு எங்கே இருக்கிறதோ அங்கே, பின்பக்கம் போய் நின்று, என் படத்தில் இருந்த அம்புக்குறிப்படி ஒழுங்காக இரண்டு சுற்று திருகினாள். முன்னால் வந்து முள்ளைப் பார்ப்பதற்குள் காவலாளியின் செருப்புச் சத்தம். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தராசின் முகத்தில் போட்டு மூடிவிட்டாள்.

"என்னம்மா, அதுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுக் காவலாளி தராசை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

முதல் வகுப்பே ஒன்பது பி. பிள்ளை ஏறியதும் அம்மா துண்டை எடுப்பாள், இறங்கியதும் மூடுவாள். ஆளில்லாதபோதும் முள் பூஜ்யத்தில் நிற்காதது தெரிந்துவிடுமே; தூசி என்று காரணம் சொன்னாள். முதல் பையன் ஏறினான். "ஐம்பத்தாறு!" என்றான் ஸ்பீக்கர். டீச்சர் பழைய எண்ணைப் பார்த்தார், நாற்பத்தாறு. "பரவாயில்லையே, வளர்ற வயசு" என்று எழுதிக்கொண்டார். அடுத்தவள் ஒன்பது கிலோ கூடியிருந்தாள். "லீவுல நல்லா சாப்ட்டிருக்க போல." மூன்றாவது, தீக்குச்சி மாதிரி ஒருவன். அவனும் எட்டரை கிலோ கூடியிருந்தான். அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான், மகிழ்ச்சியாக.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது பையனிலேயே புரிந்துவிட்டது. அந்தப் பெண் ஏழாவது.

"தராசுல ஏதோ கோளாறு, நிறுத்துங்க டீச்சர்" என்றாள்.

"ஐயோ மிஸ், இன்னும் பதினோரு வகுப்பு இருக்கு. எல்லாருக்கும் ஏறித்தானே இருக்கு, இறங்கினாத்தான் கோளாறு."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரட்டும் எல்லாரும்."

"தண்ணி குடிச்சா இன்னும் ஏறும் மிஸ்!" என்றான் ஸ்பீக்கர். வரிசை சிரித்தது. இதற்குள் ஆறு பேர் முடிந்திருந்தார்கள்; அந்தச் சிரிப்பிலேயே ஏழாவதாக அந்தப் பெண் ஏறிவிட்டாள். துண்டு அம்மாவின் கையில் இருந்தது. முள் நின்றது. ஸ்பீக்கர் படித்தான்.

பிறகு கடைசி வரிசையிலிருந்து, பீம், பீம், பீம்.

அந்தப் பெண் இறங்கினாள். அழவில்லை. நேராக மாடிப்படிக்குக் கீழே போய், முழுதாகக் குனிய வேண்டிய இடத்தில், கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல மிஸ்" என்றாள் அவள். "இனிமே தண்ணியும் வேண்டாம்."

அம்மா வழக்கம்போல ஊற்றி எடுத்த வெந்நீரைக் கீழே வைத்துவிட்டாள். இந்த இடத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அம்மா நிறுத்துவாள். எந்த மணியும் அடித்திருக்காது.

"அது உன் எடை இல்ல. தராசு பொய் சொல்லுது. நான்தான் திருகினேன்."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதலா? சத்தியமா நான்தாண்டி திருகினேன். குறைக்கலாம்னு திருகினேன், கூடிப்போச்சு."

நம்பவில்லை. யார் நம்புவார்கள்? அம்மா அவள் கையைப் பிடித்து மறுபடி வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். அந்தப் பக்கமாக விளையாட்டு மாஸ்டர் வந்தார். தன் எடையைத் தினமும் காலையில் விளையாட்டு அறைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் மனிதர். அறுபத்தெட்டு. பத்து வருடமாக அறுபத்தெட்டு.

"சார், ஒரு நிமிஷம் ஏறுங்க."

ஏறினார். "எழுபத்தாறு!" என்றான் ஸ்பீக்கர்.

மாஸ்டர் இறங்கி ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபத்தைந்தரை. விசிலைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். பையிலிருந்த சாவிக்கொத்தை ஒரு மாணவனிடம் கொடுத்தார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். எழுபத்தைந்து. "நேத்து ராத்திரி கொஞ்சம் அதிகமாத்தான் போச்சு" என்று முனகினார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"பாத்தியா?" என்றாள் அம்மா அந்தப் பெண்ணிடம்.

"சாரும் குண்டாயிருக்கலாம் மிஸ்" என்றாள் அவள். மாஸ்டருக்கு அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வெளியே வந்தார். என்ன கலாட்டா இது என்றார். தராசு சரியில்லை என்கிறார்கள் என்றார் டீச்சர். "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று ஏறி நின்றார். யாரும் படிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்கு வாய் பழகிப்போயிருந்தது.

"தொண்ணூத்தி எட்டு!"

அப்புறம் எந்த வரிசையிலிருந்தோ, மிக மெதுவாக, ஒரே ஒரு முறை: பீம்.

தலைமையாசிரியர் இறங்கினார். காது மடல் சிவந்திருந்தது. "இப்படி ஊருக்கே கேக்கற மாதிரி படிக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான் சார்" என்றாள் அம்மா. "சர்க்குலர் இருக்கு."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் அம்மா எனக்கு போன் செய்தாள். "உன் இரும்பெல்லாம் எடுத்துக்கிட்டு உடனே வா."

"எதுக்கும்மா?"

"நீ வரைஞ்ச லட்சணத்துக்கு."

மேலதிகாரியிடம் அவசரச் சோதனை என்று சொல்லி, எடைக்கற்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஓட்டுநர் இது என்ன என்று கேட்டார், எடை என்றேன், அது தெரிகிறது என்றார். வராந்தாவில் ஒன்பது பி அப்படியே நின்றது. நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அம்மா என்னைத் தராசுப் பக்கம் விடவில்லை.

"நீ தொடாத. நீ என் பொண்ணு, நீ செஞ்சா அந்தப் புள்ள நம்பாது. அவளே வெக்கட்டும்."

அந்தப் பெண் முதல் ஐந்து கிலோக் கல்லைக் குனிந்து தூக்கினாள். முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றாள். கை வெடவெடவென்று நடுங்கியது, உதடு வெளுத்தது. லாரி என்று பெயர் வாங்கிய பெண்ணால் ஐந்து கிலோவைத் தூக்க முடியவில்லை. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பீம் சத்தம் வரவில்லை.

கல்லை அவள் கையிலிருந்து வாங்கித் தராசில் வைத்தது ஸ்பீக்கர். யாரும் சொல்லவில்லை, அவனாகவே வந்தான். முள் பதின்மூன்றில் நின்றது. வழக்கத்தில் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நீயே படி" என்றான்.

"பதிமூணு" என்றாள். அடுத்த கல்லையும் அவன்தான் வைத்தான். "பதினெட்டு." அடுத்தது. "இருபத்திமூணு." ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக் கழித்துப் பார்த்தாள். எட்டு. எட்டு. மறுபடி எட்டு. நான்காவதில் கண் நிறைந்துவிட்டது.

"நிஜமாவே நீங்க திருகினீங்களா மிஸ்?"

"அதைத்தானே காலைலேந்து தொண்டை கிழியக் கத்தறேன்!"

நான் தராசின் முன்னால் நின்று, கட்டிப்பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்று திருப்பினேன். அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படின்னு சொல்லவே இல்லையேடி நீ! யாராவது தராசைக் கட்டிப்பிடிப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்?"

மறுநாள் புதிய சுற்றறிக்கை வந்தது. எடை மறைவாகப் பார்க்கப்படும், எண் படிக்கப்படாது. அதே உறையில் அம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அரசு அறிக்கைக்கான கருவியில் கைவைத்தது ஏன்? அம்மா இரண்டு வரியில் பதில் எழுதினாள். "திருகினேன். பக்கம் மாறியதற்கு வருந்துகிறேன்." திருகியதற்கு வருந்தவில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு அவள் பதிலே அனுப்பவில்லை. ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் எனக்கு வெந்நீர்.

தராசைச் சுற்றித் திரை போட்ட பிறகு எடை பார்க்க முதலில் வந்தது விளையாட்டு மாஸ்டர், இரண்டு முறை. பிறகு ஸ்பீக்கர் வந்தான். குரலைத் தாழ்த்தி, "மிஸ், என்னோடது நிஜமா எவ்வளவு?" என்று கேட்டானாம். அம்மா அவன் காதில் சொன்னாள். அவனுக்கு வெந்நீரும் கொடுத்தாள், சர்க்கரை போடாமல். இருபது நிமிடம் ஊதி ஊதிக் குடித்தான். என்ன சொன்னான் என்று அம்மா என்னிடம் சொல்லவில்லை. பதிவேட்டிலும் அந்த வரி காலியாக இருக்கிறது.

பள்ளியில் பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டபோது அவள் ஒன்றை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள். போன வாரம் அலமாரியில் கிடைத்தது. நடுவில் என் படம், நாலாக மடித்து. முகத்துக்கு மேலே அவள் கையெழுத்தில், கோபமாக அழுத்தி, "முன்னாடி நின்னு". இன்று வரை நான் எந்தப் படம் வரைந்தாலும் முன்புறத் தோற்றம் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.

படம் இருந்த பக்கம் அந்த நாளுடையது. பதினொன்று நாற்பது. எல்லாம் முடிந்து நான் எடைக்கற்களைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எழுதியிருக்க வேண்டும்.

வகுப்பு: ஒன்பது பி. புகார்: "பசிக்குது மிஸ்." கொடுத்தது: என் சாப்பாடு.

கீழே, வேறு மையில், இன்னொரு வரி. "போதவில்லை. காவலாளியின் சாப்பாடும்."